லண்டன் கடிதம்: ஐந்து கிலோ வெயில்

பாளையங்கோட்டையில் இருக்கும் அத்தை அவர்களுக்கும், அவர்கள் வீட்டு மொட்டைமாடிக் கொடியில் பங்குள்ள உறவினர் அனைவருக்கும், லண்டனில் இருக்கும் மருமகன் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. துவைத்த துணியை லண்டனில் எங்கே காயப்போடுகிறார்கள் என்று அத்தை அவர்கள் கேட்டிருந்த கேள்விக்கு ஒரு வரியில் விடை கூற இயலாது என்பதாலும், இவ்வீட்டுக்கு வாங்கவிருக்கும் இயந்திரத்தின் தேர்வு அவ்விடையையே சார்ந்திருப்பதாலும், பொருள் கீழே சற்று விரிவாக எடுத்துரைக்கப்படுகிறது.

முதலாவது இடம். இங்கிலாந்தில் 2015ஆம் ஆண்டு வெளியான குடியிருப்பு அளவு வரையறையின்படி, ஒருவர் வாழும் புதிய அடுக்குமாடி வீட்டுக்குக் குறைந்தது 39 சதுர மீட்டர் பரப்பு வேண்டும். குளியல்தொட்டியை விடுத்து ஷவர் மட்டும் அமைத்தால் 37 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ 400 சதுர அடி போதும். சமையல், படுக்கை, விருந்தோம்பல், மனத்தாங்கல் ஆகிய யாவும் இப்பரப்புக்குள்ளேயே நடந்தேற வேண்டும். வாஷிங் மெஷினைக் குளியலறையில் வைத்தால் என்ன என்று அவ்விடத்தில் தோன்றக்கூடும். ஆனால் குளிக்கும் பகுதியின் எல்லையிலிருந்து 2.5 மீட்டர் தள்ளியே சாதாரண பிளக் பாயிண்ட் அமைக்கலாம் என்பது இந்நாட்டு மின்விதி. இங்குள்ள பல குளியலறைகளில் 2.5 மீட்டர் அளந்துகொண்டு நடப்பவர் சுவரைத் தாண்டிப் பக்கத்து வீட்டாரின் படுக்கையறையில் நிற்க நேரும். எனவே இயந்திரம் சமையலறைக்கு வந்து, மேடைக்குக் கீழே 60 சென்டிமீட்டர் அகலமும் 85 சென்டிமீட்டர் உயரமும் கொண்ட ஒரே ஒரு பொந்தில், சாம்பார் கொதிக்கும் அடுப்புக்குப் பக்கத்தில் குடியேறுகிறது. துவைப்பதற்கு ஒன்று, உலர்த்துவதற்கு ஒன்று என்று இரண்டு இயந்திரங்கள் வைக்க இடமில்லாத இந்த நிலையே, இரண்டையும் ஒரே பெட்டியில் செய்யும் வாஷர் டிரையர் என்ற கூட்டுக்கருவிக்குச் சிறு வீடுகளில் வாழ்வளிக்கிறது.

வெளியே காயப்போடலாகாதா என்பது அடுத்த ஐயம். பால்கனி உள்ள வீடுகளிலும், கட்டடத்தின் அழகு கெடும் என்று கருதி அங்கே துணி உலர்த்தலாகாது என்னும் நிபந்தனை குத்தகைப் பத்திரத்தில் பெரும்பாலும் இடம்பெற்றிருக்கும். அந்நிபந்தனை இல்லாவிடினும், டிசம்பரில் பிற்பகல் நான்கு மணிக்கு முன்பே மறைந்துவிடும் சூரியனை நம்பிக் கொடி கட்டுவதில் பயனில்லை. வீட்டுக்குள் உலர்த்தினாலோ துணியை விட்டு வெளியேறும் நீர் சன்னல் கண்ணாடியிலும் குளிர்ந்த சுவரிலும் படிந்து, அங்கே கரும்பூஞ்சை முளைக்கிறது. காசு போட்டுத் துவைக்கும் பொதுக்கடையான லாண்டரெட், லண்டனின் குவீன்ஸ்வே தெருவில் 1949ஆம் ஆண்டு தொடங்கி நாடெங்கும் பரவியது. பல பேட்டைகளில் அது இப்போது அருகிவிட்டது. எஞ்சியிருக்கும் கடைக்கு ஈரக் குளிரில் மூட்டை சுமந்து செல்பவருக்கு, கடல் கடந்து வந்ததன் பயனைக் குறித்து ஆழ்ந்து சிந்திக்க நிறைய அவகாசம் கிடைக்கும்.

இனிக் கருவியின் இயல்பு. நிமிடத்துக்கு 1400 சுற்று வேகத்தில் பிழிந்தெடுத்த பின்னரும், பருத்தித் துணி தன் எடையில் ஏறத்தாழப் பாதியளவு நீரை விடாமல் வைத்திருக்கும். ஐந்து கிலோ துணியில் இரண்டரை லிட்டர் நீர் எஞ்சும் என்றும், ஒரு லிட்டரை ஆவியாக்க ஏறத்தாழ 0.65 யூனிட் வெப்பம் தேவை என்றும் கொண்டால், எவ்விதச் சேதாரமும் இல்லாதபோதே ஒன்றரை யூனிட்டுக்கு மேல் செலவாகும் என்பது விளங்கும்; பாளையங்கோட்டை வெயில் இதே வேலையை ஒரு முற்பகலில் பில் அனுப்பாமல் செய்துவிடுகிறது. இந்த ஆவியை என்ன செய்வது என்பதில்தான் கருவிகள் இரு வகைப்படுகின்றன. கண்டென்சர் வகை, சூடேற்றும் கம்பியால் காற்றைச் சூடாக்கித் துணியினூடே செலுத்தி, வெளிவரும் ஆவியைக் குளிர்வித்து நீராக்கி வடிகாலில் விடும். அவ்வாறு குளிர்விக்க இவற்றுள் பல குழாய்த் தண்ணீரையே பயன்படுத்துவதால், துணியைக் காயவைப்பதற்கும் தண்ணீர் செலவாகிறது என்ற விந்தையை அத்தை அவர்கள் நம்பித்தான் ஆக வேண்டும். ஹீட் பம்ப் வகையோ, குளிர்சாதனப் பெட்டியில் உள்ளது போன்ற வாயுச்சுற்றைக் கொண்டு, வெளியேறும் வெப்பத்தைப் பிடித்து மீண்டும் மீண்டும் பயன்படுத்தும். மின்சாரம் குறைவு, சூடும் மிதம், துணிக்கும் நல்லது, விலை மட்டும் சில நூறு பவுண்டு கூடுதல்.

வாங்குபவரை வழுக்கி விழச் செய்யும் இடம் கதவில் ஒட்டியிருக்கும் எண்ணாகும். எட்டு கிலோ என்று கொட்டை எழுத்தில் இருப்பது துவைக்கும் அளவு. உலர்த்தும் அளவு ஐந்து கிலோ என்பது அதனருகே அடக்கமாக நிற்கும். நனைந்த துணி ஒடுங்கிக் கிடந்தாலும் வெளுக்கும். ஆனால் உலர வேண்டிய துணி சூடான காற்றில் உயர எழுந்து உதறி விழ வேண்டும் என்பதால், டிரம்மில் அதற்குக் காலியிடம் தேவை. இரண்டு படுக்கை விரிப்பு, மூன்று துண்டு, இரண்டு ஜீன்ஸ், மூன்று சட்டை போட்டாலே ஐந்து கிலோவை எட்டிவிடும். எட்டு கிலோ துவைத்தவர், பாதி வழியில் மூன்று கிலோ ஈரத்துணியை வெளியே உருவியெடுத்து, நாற்காலி முதுகிலும் கதவு விளிம்பிலும் ரேடியேட்டர் மேலும் பரப்புகிறார். எதைத் தவிர்ப்பதற்காகப் பணம் கொடுத்தாரோ அதுவே வீடெங்கும் தொங்குகிறது. சோம்பலால் அனைத்தையும் உள்ளேயே விட்டவரின் நிலை இன்னும் மோசம். போர்வை உறை வாய் திறந்து காலுறை, கைக்குட்டை, பனியன் யாவற்றையும் விழுங்கி ஒரு பெரும் உருண்டையாகிவிட, அதன் மேற்புறம் அப்பளமாய்க் காய்ந்திருக்கையில் நடுவில் சிக்கிய பனியன் சொட்டச்சொட்ட ஈரமாக இருக்கும். கதவைச் சுற்றியுள்ள ரப்பர் மடிப்பில் விரலை விட்டால், சாம்பல் நிறப் பஞ்சும் காணாமற்போன ஒரு சட்டைப் பொத்தானும் சேர்ந்து வரும்.

2021 மார்ச் முதல் நடைமுறையிலுள்ள மின்சிக்கனச் சீட்டு, ஏ முதல் ஜி வரையிலான எழுத்துகளால் இத்தகைய கருவிகளுக்குத் தரமிடுகிறது. வாஷர் டிரையருக்கு மட்டும் அதில் இரண்டு எழுத்துகள் உண்டு: ஒன்று துவைத்து உலர்த்தும் முழு வேலைக்கு, மற்றொன்று துவைப்புக்கு மட்டும். விளையாட்டில் முதலிடமும் கணக்கில் கடைசியிடமும் பெற்ற பையனின் ரேங்க் கார்டைப் போல, பல கருவிகள் துவைப்பில் நல்ல எழுத்தும் முழு வேலையில் தலைகுனியும் எழுத்தும் பெற்றிருக்கும். நூறு தடவைக்கு ஆகும் மின்சாரம் கீழே குறிக்கப்பட்டிருக்க, கண்டென்சர் வகையில் முழு வேலைக்கு அது முந்நூறு யூனிட்டை ஒட்டி நிற்பது பொதுவான காட்சி. யூனிட் இருபத்தைந்து பென்ஸ் என்று கொண்டால், ஒரு தடவைக்கு எழுபத்தைந்து பென்ஸ், அதாவது எண்பது ரூபாய்க்கும் மேல். இதைக் கேட்டால் அத்தை அவர்கள் மொட்டைமாடிக்கு வாடகை கேட்கத் தொடங்கிவிடக்கூடும்.

காலம் பற்றியும் சிறிது கூற வேண்டும். முழு வேலை முடிய ஐந்தாறு மணி நேரம் ஆவது இயல்பு. எகானமி 7 என்னும் பழைய திட்டத்தில் இரவின் ஏழு மணி நேரம் மின்சாரம் மலிவு. ஆனால் உறங்கும்போது உலர்த்தியை ஓடவிடலாகாது என்று தீயணைப்புத் துறையினர் அறிவுறுத்துகின்றனர். டிரம் சுழலும் ஓசை மேல்மாடியிலிருந்து கூரை வழியே இறங்குவதைக் கீழ்வீட்டாரும் விரும்புவதில்லை. ஆகவே மலிவான நேரத்தில் ஓட்டக் கூடாது, ஓட்டக்கூடிய நேரத்தில் மலிவில்லை என்ற நிலையில், இயந்திரம் ஞாயிறு முழுவதையும் விழுங்கிக்கொள்கிறது.

துணியின் வகையும் கணக்கில் வரும். சதுரத்துக்குள் வட்டம் வரைந்த குறி உலர்த்தியில் போடலாம் என்பதையும், அதன் மேல் பெருக்கற்குறி போடலாகாது என்பதையும் உணர்த்தும். அவ்விடத்துத் தையற்காரர் தைத்துக் கொடுத்த சட்டையில் எக்குறியும் இராது. சரிகைப்பட்டு இந்த ஆராய்ச்சிக்கே அப்பாற்பட்டது. ஐந்தரை மீட்டர் நூல்சேலை மற்ற துணிகளைச் சுற்றிக்கொண்டு கயிறாகத் திரிந்து வெளிவருமாதலால், அதற்குத் தனி ஓட்டம் வேண்டும்.

இவற்றால் பெறப்படும் முடிபு யாதெனில், பெரிய எண்ணை மறந்து உலர்த்தும் எண்ணைப் பார்த்தே கருவியை வாங்க வேண்டும் என்பதும், வாரத்துக்கொருமுறை மூட்டையாகத் துவைக்கும் ஊர்வழக்கத்தைக் கைவிட்டுக் கொஞ்சங்கொஞ்சமாக அடிக்கடி துவைப்பவருக்கே அது பயன்படும் என்பதும், கைப்பணம் இடங்கொடுத்தால் ஹீட் பம்ப் வகையே நெடுநாளில் ஆதாயம் என்பதுமாகும். இவ்வீட்டில் கைப்பணம் இடங்கொடாமையால், ஒன்பது கிலோ துவைத்து ஆறு கிலோ உலர்த்தும் கண்டென்சர் கருவி ஒன்று பேசி முடிக்கப்பட்டுள்ளது. ஜூன் மாதம் இங்கு வரவிருக்கும் மாமா அவர்கள் நாளொன்றுக்கு மூன்று வேட்டி மாற்றுவதை ஒன்றாகக் குறைத்துக்கொள்ளுமாறு, அத்தை அவர்கள் நல்ல சமயம் பார்த்துப் பக்குவமாக எடுத்துக்கூற வேண்டும் என்று கேட்டுக்கொள்ளப்படுகிறது; அதை நேரில் சொல்லும் துணிவு இவ்விடத்தில் யாருக்கும் இல்லை.

இங்ஙனம்,
மருமகன்