நுரைக்கு வலை

பெங்களூரு பெல்லந்தூர் ஏரிக்கரையில் நிற்க நீச்சல் தெரிய வேண்டாம். ஓடத் தெரிந்தால் போதும். 2018 ஜனவரியில் அந்த ஏரியில் தீ மூண்டது. அணைக்கத் தீயணைப்பு வண்டிகள் ஏரிக்குத் தண்ணீர் சுமந்து போயின. போதாமல் ராணுவமும் வந்தது. எல்லையில் நிற்க வேண்டியவர்கள் ஏரியில் நின்றார்கள்.

அதற்கு முன்பே நுரை. சாலைக்குப் பறந்து வந்து வண்டியோட்டிகளின் முகத்தில் அப்பியது. நிர்வாகம் பதறியது, கூடியது, யோசித்தது. கரையோரம் வலை கட்டியது. நுரைக்கு வலை! வலையில் ஓட்டை இருக்கும் என்று கூட்டத்தில் யாரும் சொல்லவில்லை போலும்.

நுரையாவது கண்ணில் படுகிறது. கூடவே வரும் பாஸ்பரஸ் படுவதில்லை. மலக்கழிவிலும் சோப்புத்தூளிலும் ஏறி ஓசியில் ஏரிக்கு வருகிறது. ஒரு கிலோ பாஸ்பரஸ் சில நூறு கிலோ பாசியை வளர்க்கும். ஆகாயத்தாமரைக்கும் அதுதான் தீனி. அவை அழுகும்போது தண்ணீரில் ஆக்சிஜன் தீரும், மீன் செத்து மிதக்கும். ஆழமில்லாத ஏரியில் கதை அதோடும் முடியாது. அடிவண்டலில் கிடக்கும் பழைய பாஸ்பரஸ், ஆக்சிஜன் இல்லாதபோது கரைந்து மேலே வரும். காற்றடித்தால் சேறோடு கலங்கி வரும். இன்றைக்கே சாக்கடையை அடைத்தாலும், அப்பன் வாங்கிய கடனுக்கு மகன் வட்டி கட்டுவதுபோல ஏரி பல வருடம் அழ வேண்டும்.

அடைத்தால்தானே? 2017இல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு விதி வெளியிட்டது. பார்க்க வேண்டியவை நான்கு: பிஎச் எனும் அமில-காரத் தன்மை, பிஓடி எனும் உயிர்வேதி ஆக்சிஜன் தேவை, நீரில் தொங்கும் திடப்பொருள், மலக்கிருமி. பாஸ்பரஸ்? அந்தப் பட்டியலில் இல்லை. ஆக, அந்த விதிப்படி சுத்திகரித்த தண்ணீரும் பாசிக்கு விருந்துதான். சட்டப்படி பரிமாறிய விருந்து.

துணி துவைக்கும் தூளில் பாஸ்பரஸ் சுமந்து வரும் பாஸ்பேட் கூடாது என்று சுவிட்சர்லாந்து 1986லேயே தடை போட்டது. நாம் இன்னும் விளம்பரத்தில் யார் சட்டை வெள்ளை என்று பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

2018 டிசம்பரில், ஏரியைக் காக்கத் தவறியதற்காகப் பசுமைத் தீர்ப்பாயம் கர்நாடக அரசுக்கு 50 கோடி, பெங்களூரு மாநகராட்சிக்கு 25 கோடி அபராதம் விதித்தது. அரசு யார் பணத்தில் கட்டும்? நுரை அப்பிய முகத்தைத் துடைத்துக்கொண்டு வரி கட்டியவரின் பணத்தில்.

பெல்லந்தூர் நீர் வர்த்தூர் ஏரி வழியாகத் தென்பெண்ணையில் இறங்கி ஓசூர் கெலவரப்பள்ளி அணைக்கு வருகிறது. அங்கேயும் நுரை பொங்குகிறது. அணைக்குக் கீழே இருக்கும் விவசாயிக்கு அதுதான் பாசன நீர். எழுபத்தைந்து கோடியில் அவர் பங்கு எவ்வளவு என்று எந்த அலுவலகத்திலாவது கேட்டுப் பாருங்கள். முதலில் மனு எழுதித் தரச் சொல்வார்கள்.