மேடை ஏறாதவர் பெறும் பயன்கள்

சொற்பொழிவு கேட்கப் போகிறவர்களை விதானத்தில் வரைந்து வைத்திருக்கும் ஊர் சித்தன்னவாசல். புதுக்கோட்டையிலிருந்து சுமார் 16 கிலோமீட்டரில், குன்றைக் குடைந்து எடுத்த அறிவர் கோயிலின் மேற்கூரையில் ஒரு தாமரைக் குளம் விரிகிறது. மீன், அன்னம், யானை, எருமை, நடுவே பூப்பறிக்கும் மூன்று ஆடவர். இது சமவசரணம் என்னும் சமணப் பேரவையின் ஒரு பகுதி என்பது அறிஞர் கருத்து. தீர்த்தங்கரரின் அறவுரை கேட்கப் போகும் நல்லோர் வழியிலுள்ள குளத்தில் இறங்கிப் பூப்பறிக்கிறார்கள். குளக்காட்சியில் பேச்சாளர் இல்லை. இருப்பவர்கள் கேட்க வந்தவர்களே.

சமவசரணத்தில் தேவர், மனிதர், விலங்குகள் எனக் கேட்போர் 12 பிரிவாக அமர்வதாகச் சமண நூல்கள் கூறும். பேசுபவர் நான்கு திசைக்கும் முகம் காட்டுவார். அவர் சொல்வது அவரவர் மொழியில் அவரவருக்கு விளங்கும். ஆகவே கடைசி பெஞ்சு கிடையாது, 'மைக் டெஸ்டிங்' கிடையாது. கேட்டும் திருந்தாதவரை 'எருமை மாட்டின்மேல் மழை பெய்ததுபோல' என்று திட்டும் நாட்டில், விலங்குக்கும் அவையில் இடம் ஒதுக்கியது பெருந்தன்மைதான். சித்தன்னவாசல் கோயிலுக்கு அருகிலுள்ள ஏழடிப்பட்டம் என்னும் குகையில் கல்லிலேயே தலையணை செதுக்கிய படுக்கைகள் உண்டு. அவை துறவிகளுக்கானவை, நன்றியுரைவரை தாக்குப்பிடிக்க முடியாதவர்களுக்கானவை அல்ல.

இக்காலத்தில் சமவசரணத்துக்கு நெருங்கிய அமைப்பு பேச்சுப் பயிற்சி மன்றம். 1924-இல் கலிபோர்னியாவின் சாண்டா அனா நகரில் ரால்ஃப் ஸ்மெட்லி தொடங்கிய டோஸ்ட்மாஸ்டர்ஸ், தமிழ்நாட்டு நகரங்களிலும் நடக்கிறது. தமிழிலேயே கூடும் மன்றங்களும் உண்டு. பேச விரும்புகிறவர் கட்டணம் கட்டிச் சேர வேண்டும். விருந்தினராக வந்து கேட்பவருக்குப் பொதுவாகச் செலவில்லை. பயனில் பெரும்பங்கு இவருக்கே என்பதை மன்றங்கள் விளம்பரப்படுத்துவதில்லை, காரணம் வெளிப்படை.

பயன்களில் தலையாயது, பேச்சு முடியும் என்ற நம்பிக்கை. ஐந்து முதல் ஏழு நிமிடப் பேச்சுக்கு ஐந்தாம் நிமிடம் பச்சை, ஆறாம் நிமிடம் மஞ்சள், ஏழாம் நிமிடம் சிவப்பு அட்டை காட்டப்படும். இன்னொரு அரை நிமிடம் தாண்டினால் அன்றைய சிறந்த பேச்சாளர் வாக்கெடுப்பில் இடமில்லை. நம் ஊர் மேடையில் இந்தப் பணியைத் துண்டுச்சீட்டு செய்கிறது. அதை வாங்கும் பேச்சாளர் கண்ணாடி மாட்டிப் படித்து, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, 'சுருக்கமாக முடித்துக்கொள்கிறேன்' என்று அறிவிப்பார். அதன் பிறகுதான் அவருக்குக் குரலே திறக்கும். தலைமை, முன்னிலை, வாழ்த்துரை எல்லாம் கடந்து வந்த தமிழ்ச் செவிக்குச் சிவப்பு அட்டையின் அதிகாரம் முதல் தடவை பார்க்கையில் நம்பும்படியாக இராது.

அடுத்து, 'ஆ' எண்ணுபவர். பேச்சின் நடுவே விழும் 'ஆ', 'வந்து', 'அதாவது', 'ஆக்சுவலா' எல்லாவற்றையும் இவர் குறித்துவைத்து, கடைசியில் பெயர் சொல்லிக் கணக்கு வாசிப்பார். அவமானம் பேசியவருக்கு, பாடம் கேட்டவருக்கு. இதில் ஒரு பக்கவிளைவும் உண்டு: வீடு திரும்பியவர் மாமனாரின் 'வந்து'களை விரல்விட்டு எண்ணத் தொடங்குவார். எண்ணுவதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

மதிப்பீட்டாளரிடம் கற்க வேண்டியது நிறைய. இரண்டு மூன்று நிமிடத்துக்குள் நிறையைச் சொல்லி, குறையை நோகாமல் சொல்லி, வழியும் காட்டிவிட்டு அமர்கிறார். கல்யாணப் பந்தியில் சாம்பாரைப் பற்றியும், நண்பரின் கவிதைத் தொகுப்பைப் பற்றியும் கருத்துக் கேட்கப்படும் எவருக்கும் இந்தக் கலை உடனே பயன்படும்.

மற்றவர் கை நடுங்குவதைப் பார்ப்பதும் பெரிய தைரியம் தரும். வள்ளுவர் கேள்வியை 42-ஆம் அதிகாரத்திலும் அவையஞ்சாமையை 73-ஆம் அதிகாரத்திலும் வைத்தார். இடையில் 30 அதிகாரங்களுக்குக் கேட்டுக்கொண்டே இருக்கலாம் என்று சோம்பேறிகள் இதற்கு உரை எழுதக்கூடும்.

கேட்பவருக்கு ஆபத்து இல்லாமலில்லை. முன்தயாரிப்பில்லாத ஓரிரு நிமிடப் பேச்சுப் பகுதிக்கு விருந்தினரையும் அழைப்பார்கள். மறுக்க உரிமை உண்டு. கூட்ட முடிவில் 'இரண்டு வார்த்தை' கேட்பார்கள். 'நன்றி, வணக்கம்' என்பதும் இரண்டு வார்த்தையே. அடிக்கடி வருகிறவரிடம் படிவம் நீட்டப்படும். கூச்சப்பட்டால், பேசத் தேவையில்லாத எளிய வேலை என்று நேரம் பார்க்கும் பொறுப்பைத் தருவார்கள். நேரம் பார்ப்பவர் எழுந்து நின்று தம் பணியை அவைக்கு விளக்க வேண்டும் என்பது அட்டைகள் கைக்கு வந்த பிறகே தெரியவரும்.