சொந்த ஊரிலேயே மானம் போன எஞ்சின்

கேள்வி: ஃபார்முலா 1-ல் கார் தோற்றால் பழி யாருக்கு? ஓட்டுநருக்கா, எஞ்சினுக்கா?

பதில்: எஞ்சினை வெளியே வாங்குகிற அணிகளுக்கு இதில் குழப்பமே கிடையாது. ஜெயித்தால் எங்கள் கார், தோற்றால் அவர்கள் எஞ்சின்! 1988-ல் மெக்லாரன் அணியும் எஞ்சின் தந்த ஹோண்டாவும் சேர்ந்து 16 பந்தயங்களில் 15-ஐ அள்ளின. அந்த நினைப்பில் 2015-ல் மறுமணம். ஒட்டவில்லை. ஒல்லியான கார்தான் வேண்டுமென்று மெக்லாரன் அடம்பிடிக்க, ஹோண்டா எஞ்சினைச் சுருக்கித் திணித்தது. வேகமும் இல்லை, ஆயுளும் இல்லை. ஓட்டுநர் அலோன்சோ பொறுமை இழந்த இடம்தான் விசேஷம்: ஜப்பானில், ஹோண்டாவுக்கே சொந்தமான சுசூகா ஓடுதளம்! இது கத்துக்குட்டிப் பந்தய எஞ்சின் என்று ரேடியோவில் அவர் அலறியதை உலகமே கேட்டது. 2017-ல் விவாகரத்து. ரெனோ எஞ்சினுக்கு மாறிய மெக்லாரன் 2018-லும் ஒரு பந்தயம்கூட ஜெயிக்கவில்லை. வேண்டாமென்று தள்ளிய ஹோண்டாவோடு 2021-ல் ரெட்புல்லின் வெர்ஸ்டாப்பன் உலக சாம்பியன்! அலோன்சோவா? ஆஸ்டன் மார்ட்டின் அணியில் 2026-ல் அவர் காருக்கு எஞ்சின் தருவது சாட்சாத் ஹோண்டாதான்.