சிரிக்க நேரம் வேண்டாமா?

கேள்வி: ஆஸ்பத்திரியில் சில நர்ஸ்கள் எரிந்து விழுகிறார்களே, சிரித்துப் பேசினால் குறைந்தா போய்விடுவார்கள்?

பதில்: சிரிக்க ஆள் வேண்டுமே! கையில் ட்ரிப் பாட்டில், கக்கத்தில் கேஸ் ஷீட், மூலைக் கட்டிலிலிருந்து “சிஸ்டர்!” என்று கூப்பாடு. நைட் டியூட்டியில் வார்டு முழுக்க ஒருவரே என்றால் பாத்ரூம் போவதைக்கூடத் தள்ளிப்போடத்தான் வேண்டியிருக்கிறது.

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்த லிண்டா எய்கன் குழு 2002-இல் சொன்னதைக் கேளுங்கள். நர்ஸின் பொறுப்பில் ஒரே ஒரு நோயாளி கூடினால், ஆபரேஷன் ஆனவர் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறதாம். நர்ஸ் மனம் வெந்து சோர்ந்துபோகும் வாய்ப்போ 23 சதவீதம் கூடுகிறதாம்! நர்ஸுக்கு மிச்சம்பிடித்த சம்பளத்தை நோயாளியின் உயிரில் கழிக்கிறார்கள். எனக்கு வயிறு எரிகிறது.

கலிபோர்னியா 1999-இல் இதற்குச் சட்டமே போட்டது. அதன்படி, பொது வார்டில் ஒரு நர்ஸுக்கு 5 நோயாளிகளுக்கு மேல் தரக்கூடாது.

புகார்ப் பெட்டி கண்ணில் பட்டால் கட்டாயம் எழுதிப் போடுங்கள்: “இந்த வார்டுக்கு இன்னும் இரண்டு நர்ஸ் வேண்டும்.”