எலிக்குக் களி போடலாமா?

பாலக்கோடு வட்டாரத்திலிருந்து இந்த வாரம் வந்த தபாலில் பாதி, எலியைப் பற்றியது. பிடிப்பது எப்படி என்று கேட்டவர்கள் பக்கத்து வீட்டுப் பூனையை அணுகவும். வளர்ப்பது எப்படி என்று கேட்டவர்களுக்கு மட்டும் இங்கே பதில்.

கேள்வி: என் மகள் இரண்டு வெள்ளை எலி வாங்கி வந்துவிட்டாள். எங்கள் வீட்டில் தினமும் ராகிக் களிதான். அதையே போடலாமா? (ஒரு தகப்பனார், மாரண்டஅள்ளி)

பதில்: வெறும் களியை, தொட்டுக்கொள்ள ஒன்றும் இல்லாமல் தினமும் நீங்கள் சாப்பிடுவீர்களா? ராகியில் கால்சியம் ஏராளம். 100 கிராமில் 300 மில்லிகிராமைத் தாண்டும். புரதம்தான் குறைவு, சுமார் 7 கிராம். வளர்ந்த எலியின் தீனியில் 14 சதவீதம் புரதம் என்று அமெரிக்க ஊட்டச்சத்து அறிஞர்கள் 1993-ல் வகுத்தார்கள். குட்டிகளுக்கு இன்னும் கூடுதல். அதனால் எலிக்கென்றே செய்த குச்சித் தீனிதான் அன்றாடச் சாப்பாடு. அதோடு கொஞ்சம் முளைகட்டிய பயறு, வாரத்தில் ஓரிரு நாள் வேகவைத்த முட்டை. களியை உருண்டையாக வைக்காதீர்கள். எலியால் வாந்தி எடுக்க முடியாது. ஒட்டும் பண்டம் தொண்டையில் மாட்டினால் திணறிப்போகும். உப்பில்லாத கூழாகக் கரைத்து ஒரு ஸ்பூன் வையுங்கள்.

கேள்வி: குச்சித் தீனி பார்க்கவே பாவமாக இருக்கிறது. கலர் கலராக விதைக் கலவை விற்கிறார்களே? (கல்லூரி மாணவி, காரிமங்கலம்)

பதில்: மிக்சர் பொட்டலத்தில் முந்திரியை மட்டும் பொறுக்குபவர் உங்கள் வீட்டில் யாராவது இருப்பார். எலியும் அதே கட்சி. சூரியகாந்தி விதையையும் கடலையையும் தின்றுவிட்டு மீதியைத் தள்ளிவிடும். கிண்ணத்தில் சமச்சீர் உணவு இருக்கும், வயிற்றில் கொழுப்பு மட்டும் இருக்கும். குச்சித் தீனியில் பொறுக்க வழியில்லை. விதையை மருந்துபோல் அளவாகக் கொடுத்துப் பழக்குங்கள், கூப்பிட்டால் ஓடிவரும்.

கேள்வி: விலை இல்லாத நாளில் தக்காளியைக் கூடை கூடையாகக் கொட்டுகிறோம். எலி வளர்ப்பவர்கள் வாங்கிக்கொள்வார்களா? (மண்டிக் கணக்குப்பிள்ளை, பாலக்கோடு)

பதில்: பழுத்த தக்காளியில் ஒரு துண்டு கொடுக்கலாம். காய், இலை, காம்பு கூடாது. ஒரு எலி நாளெல்லாம் தின்றாலும் 15, 20 கிராம் தீனிதான். உங்கள் மண்டியின் ஒரு நாள் வரத்தைத் தீர்க்கும் அளவுக்கு எலி சேர்ந்தால், பிறகு ஊரில் தக்காளி விலை பேச்சே இருக்காது. ஊரே இருக்காது.

கேள்வி: ஆரஞ்சுத் தோலை ஆண் எலிக்குப் போடக் கூடாதாமே, பெண்ணுக்குப் போடலாமாம். இதிலுமா பாரபட்சம்? (ஆசிரியை, வெள்ளிச்சந்தை)

பதில்: உண்மைதான். அந்தத் தோலில் உள்ள டி-லிமோனின் என்ற எண்ணெய்ப் பொருள் அதிகம் சேர்ந்தால் ஆண் எலியின் சிறுநீரகம் கெடும் என்று ஆய்வகங்களில் கண்டார்கள். ஆண் எலிக்கே உரிய ஒரு புரதம்தான் அதற்குக் காரணம். மனித ஆண்களுக்கு அந்தப் புரதம் கிடையாது. ஆகவே உங்கள் வீட்டுக்காரர் ஆரஞ்சு உரிக்க மறுப்பதற்கு இதைச் சாக்காகச் சொன்னால் நம்பாதீர்கள்.

கேள்வி: கூண்டில் மரத்தூள் பரப்பினேன். நாற்றம் போகவில்லை, ஊதுபத்தி ஏற்றினேன். இப்போது எலி தும்முகிறது. (மர அறுவை மில் பணியாளர், பாலக்கோடு)

பதில்: நாற்றம் அம்மோனியா, சிறுநீர் ஊறிய படுக்கையிலிருந்து வருவது. ஊதுபத்தி அதன்மேல் புகையையும் ஏற்றுகிறது. வளர்ப்பு எலிகள் பலவற்றின் மூச்சுக்குழாயில் மைகோபிளாஸ்மா என்ற கிருமி சத்தமில்லாமல் குடியிருக்கும். அம்மோனியாவும் தூசியும் அதைத் தட்டி எழுப்பும். பைன், தேவதாரு மரங்களின் வாசனை எண்ணெயும் ஆகாது. மரத்தூளைத் தள்ளுங்கள், தென்னை நார்த் தூளும் வேண்டாம். நம் நாட்டு ஆய்வகங்கள் பலவற்றில் கிருமி நீக்கிய நெல் உமியைப் பரப்புகிறார்கள். நீங்கள் உமி போடுவதானால் நன்றாகச் சலித்து, வெயிலில் காயவைத்துப் போடுங்கள். அச்சடிக்காத காகிதத்தைக் கீற்றாகக் கிழித்துப் போட்டால் இன்னும் நல்லது. நனைந்த மூலையைத் தினமும் அள்ளிவிடுங்கள். தும்மல் நிற்காவிட்டால் கால்நடை மருத்துவர்.

கேள்வி: உங்கள் பத்திரிகையைக் கிழித்துப் போடலாமா? (நீண்டநாள் வாசகர், பெல்ரம்பட்டி)

பதில்: மை இருக்கிறது, வேண்டாம். முதலில் படித்துவிட்டுக் கேட்டீர்களா என்பதைத் தெரிவிக்கவும்.

கேள்வி: எலிக்கு விளையாட்டுச் சாமான் எதற்கு? தின்றுவிட்டுத் தூங்கட்டுமே. (ஓய்வுபெற்ற அரசு ஊழியர், பாலக்கோடு)

பதில்: நீங்கள் ஓய்வுபெற்று எத்தனை நாளில் அலுத்துப்போனது? 1960களில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஏணி, பொம்மை, கூட்டாளி எல்லாம் உள்ள கூண்டிலும் வெறும் கூண்டிலும் எலிகளை வளர்த்துப் பார்த்தார்கள். முதல் வகை எலிகளின் மூளைப் புறணி தடித்திருந்தது. 2019-ல் அமெரிக்காவின் ரிச்மண்ட் பல்கலைக்கழகத்தில் எலிகள் குட்டிக் கார் ஓட்டப் பழகின. அதிலும் விளையாடி வளர்ந்த எலிகளே நன்றாக ஓட்டின. உங்களுக்குக் காசு செலவே இல்லை: அட்டைப் பெட்டி, மருந்து அடிக்காத கொய்யாக் குச்சி, காகிதத்தில் பொதிந்து ஒளித்துவைத்த தீனி. முன்பற்கள் வளர்ந்துகொண்டே இருப்பதால் கடிக்க ஏதாவது வேண்டும். நீங்கள் கொடுக்காவிட்டால் உங்கள் ஓய்வூதியப் புத்தகத்தைத் தானே தேடிக்கொள்ளும். கூட்டாளி எல்லாவற்றிலும் முக்கியம். இரண்டாவது எலியும் அதே பாலினமாக இருக்கட்டும். இல்லாவிட்டால் மூன்றே வாரத்தில் பிரசவம், ஒரு ஈற்றில் எட்டு, பத்துக் குட்டி.

கேள்வி: எலிக்குப் போய் இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்ய வேண்டுமா? (கரும்பு விவசாயி, பஞ்சப்பள்ளி)

பதில்: செய்தவர் ஒருவர் நம் குன்னூரிலேயே இருந்தார். ராபர்ட் மெக்காரிசன் என்ற ஆங்கிலேய அரசின் மருத்துவர். பாஸ்டர் நிறுவனத்தில் 1918-ல் ஒற்றை அறையில் அவர் தொடங்கிய ஆய்வுதான் வளர்ந்து, 1958-ல் ஐதராபாத்துக்குப் போய், இன்றைக்குத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக நிற்கிறது. அவருடைய எலிகளுக்கு முழுக்கோதுமைச் சப்பாத்தி, வெண்ணெய், முளைகட்டிய கடலை, பச்சைக் காரட், முட்டைகோஸ், பால், வாரம் ஒருமுறை எலும்போடு கறி. படுக்கச் சுத்தமான வைக்கோல், காய வெயில். ஆண்டுக்கணக்கில் அவற்றுக்கு நோயே வரவில்லை என்று எழுதினார்.

பிறகு இந்தியாவின் பல வட்டாரத்துச் சாப்பாட்டையும் எலிக்குப் போட்டு எடை பார்த்தார். சீக்கியர் சாப்பாடு தின்ற எலி 235 கிராம். தீட்டிய அரிசியை நம்பியிருந்த மதராஸ் சாப்பாடு தின்ற எலி 155 கிராம், பட்டியலில் கடைசி. நமக்குக் கோபம் வருவதற்குள் இதையும் கேளுங்கள்: இங்கிலாந்து ஏழைகளின் வெள்ளை ரொட்டி, மார்ஜரின், சர்க்கரை போட்ட டீ, டின் கறி ஆகியவற்றைத் தின்ற எலிகள் பராமரிப்பாளரைக் கடித்தன, அறுபது நாளுக்குள் தங்களில் நோஞ்சான்களைக் கொன்று தின்னவும் தொடங்கின.

ஆகவே பார்த்துப் பார்த்துச் செய்யுங்கள். பன்னும் டீயுமாகக் காலையை ஓட்டுபவர் நீங்கள் என்றால், எலிக்கு வைத்ததில் மிச்சம் இருக்கிறதா என்று வீட்டில் கேட்டு வாங்கிச் சாப்பிடுங்கள்.