சிபாரிசில் கிடைத்த ஆறடி

கேள்வி: 'ஹாம்லெட்' நாடகத்தில் நாயகனின் காதலியான ஒஃபீலியாவை அடக்கம் செய்யப் பாதிரியார் ஏன் அவ்வளவு மூக்கால் அழுகிறார்?

பதில்: அவள் ஓடையில் தவறி விழுந்தாளா, தானே உயிரை விட்டாளா என்பதில் அவருக்குச் சந்தேகம். தற்கொலை என்றால் ஷேக்ஸ்பியர் கால இங்கிலாந்தில் கல்லறைத் தோட்டத்துக்குள் இடமில்லை. நாற்சந்தியில் குழிவெட்டி, உடம்பில் முளையடித்துப் புதைப்பார்கள். 1823-இல்தான் சட்டம் போட்டு அதை நிறுத்தினார்கள். ஒஃபீலியாவுக்கு அரண்மனைச் சிபாரிசு இருந்ததால் குழியும் பூவும் மணியோசையும் கிடைத்தன. முழுச் சடங்கு மட்டும் 'கட்'! பணக்கார வீட்டுப் பெண் என்பதால்தான் இந்தச் சலுகை என்று குழிவெட்டுகிறவனின் கூட்டாளியே போட்டு உடைக்கிறான்.

'மனிதன் தண்ணீரிடம் போனால் தற்கொலை, தண்ணீர் மனிதனிடம் வந்தால் இல்லை' என்று குழிவெட்டுகிறவன் வாதிடுவதும் வெறும் உளறல் இல்லை. 1554-இல் ஜேம்ஸ் ஹேல்ஸ் என்ற நீதிபதி ஆற்றில் மூழ்கி இறந்தார். தற்கொலை என்றால் சொத்து அரசுக்குப் போய்விடும் என்பதால், அவர் அனுபவித்த நிலம் மனைவிக்கா, அரசுக்கா என்று வழக்கு. 'தற்கொலை'யை நீதிமன்றத்தில் மூன்று கூறு போட்டு அலசினார்கள். கடைசியில் மனைவி தோற்றார். அந்த வாதத்தைத்தான் ஷேக்ஸ்பியர் கிண்டலடிக்கிறார் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து.

சாவில் சாஸ்திரம் பார்ப்பதில் ஹாம்லெட்டும் லேசுப்பட்டவரல்ல. ஜெபம் செய்யும்போது கொன்றால், அப்பாவைக் கொன்ற சித்தப்பா சொர்க்கத்துக்குப் போய்விடுவாரே என்று கத்தியை உறையில் போடுகிறார். கொலைக்கும் நல்ல நேரம் பார்த்த இந்தப் பக்தியில், அவரையும் சேர்த்து ஏழு உயிர் கூடுதலாகப் போனதுதான் மிச்சம்!