சின்னம் இல்லாத தேர்தல்

கேள்வி: சிகாகோவில் வாக்குச்சீட்டில் கட்சிப் பெயரே இல்லாமல் மேயரைத் தேர்ந்தெடுக்கிறார்களாமே! எங்கள் கோலார் தங்கவயலிலும் நகரசபைத் தேர்தலை அப்படி நடத்தினால் என்ன?
- ஆண்டர்சன்பேட்டை வாசகர்

பதில்: சிகாகோ 1999இலிருந்து அப்படித்தான் மேயரைத் தேர்ந்தெடுக்கிறது. அவ்வளவு தூரம் போவானேன்? கர்நாடகக் கிராமப் பஞ்சாயத்துத் தேர்தலிலும் கட்சிச் சின்னம் கிடையாது. ஆனால் முடிவு வந்த அன்றே ஒவ்வொரு கட்சியும் 'ஜெயித்தவர்கள் எங்கள் ஆட்கள்' என்று கணக்குச் சொல்லும். கூட்டிப் பார்த்தால் மொத்த இடங்களைவிட அதிகமாக வரும்!

உங்கள் தங்கவயலின் ராபர்ட்சன்பேட்டை நகரசபையில் கட்சிச் சின்னம் உண்டு, கூடவே கொறடாவும் உண்டு. 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி, கட்சி சார்பில் வென்ற கவுன்சிலர் கொறடா உத்தரவை மீறி ஓட்டுப் போட்டால் பதவி பறிபோகலாம். சின்னத்தை எடுத்தால் கொறடாவும் போவார், சரி. ஆனால் நகரசபைத் தலைவரைத் தேர்ந்தெடுப்பவர்கள் கவுன்சிலர்கள். அந்த ஓட்டெடுப்பில் எம்.எல்.ஏ.வுக்கும் எம்.பி.க்கும்கூட ஓட்டு உண்டு. முன்வாசலில் தடுத்த கட்சி பின்வாசல் வழியாக வந்து நாற்காலி போட்டு உட்காரும்.

மேலும், அ.தி.மு.க., மார்க்சிஸ்ட், இந்தியக் குடியரசுக் கட்சி, பா.ஜ.க., காங்கிரஸ் என எல்லாரையும் சட்டமன்றத்துக்கு அனுப்பிப் பார்த்த ஊர் உங்களுடையது. 2001இல் சுரங்கம் மூடியபோது எந்தச் சின்னமும் காப்பாற்றவில்லை என்பது வேறு விஷயம். எனவே சின்னம் இருக்கட்டும். ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் வார்டுக்குக் குடிநீர் எப்போது வரும் என்று கேளுங்கள்.